அடையாற்றில் ஒரு கொல்லைப்புறம்

பட்டணத்தில் சொத்துத் தகராறு வந்தால் ஜனங்கள் வக்கீலைத் தேடிக்கொண்டு போகிறார்கள். உடம்பு சரியில்லையென்றால் டாக்டரைத் தேடிக்கொண்டு போகிறார்கள். கொல்லைப்புறத்தைப் பற்றித் தகராறு வந்தால் யாரைத் தேடிக்கொண்டு போவது? அடையாற்றில் வசிக்கும் என் அத்தை இந்தக் கேள்வியைப் பற்றி இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பூகோள வாத்தியாரைக் கூப்பிடுவது என்று தீர்மானித்தாள். அந்த வாத்தியார் அடியேன்தான்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் பிறந்த மூன்றாம் நாள் டெலிபோன் மணி அடித்தது.

"ஏண்டா அப்பா, நீ பிள்ளைகளுக்கு மழை, மண், ஆறு என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறவன்தானே? உன் அத்தான் கொல்லை முழுவதும் சிமெண்டு போடப்போகிறானாம். ஆவணி பிறந்ததும் கொத்தனார் வந்துவிடுவாராம். நீ சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, போடலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் கிழவி பேச்சு என்கிறான்" என்றாள் அத்தை.

வாத்தியார்களுக்குப் பிறருடைய விவகாரத்தில் தீர்ப்புச் சொல்வது என்றால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுகிற மாதிரி. ஆகையால் உடனே சம்மதித்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி அன்றைக்கு எனக்குப் புத்தகத்தில் படித்தது மட்டுமே தெரியும். அந்தக் கொல்லையில் கற்றுக்கொண்டதை நேயர்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

* * *

சனிக்கிழமை காலையில் மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறினேன். சாந்தோம் பக்கத்திலிருந்து அடையாற்றை நோக்கிப் போகும் சாலையில், பாலம் வருவதற்கு முன்னால், ஒரு பக்கத்தில் பசுமையான வேலிக்குப் பின்னால் ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. அதுதான் தொல்காப்பியப் பூங்கா. அடையாற்று உப்பங்கழியின் ஒரு பகுதியான ஐம்பத்தெட்டு ஏக்கரைச் சீர்திருத்தி 2011 ஜனவரியில் அந்தப் பூங்காவைத் திறந்தார்கள். அதற்கு முன்பு அந்த இடம் இருந்த கோலத்தை அறிந்தவர்களுக்கு, அது ஒரு பூங்காவாக மாறும் என்று சொன்னால் சிரிப்புத்தான் வந்திருக்கும். இடித்த கட்டடங்களின் கப்பியும், நகரத்துக் குப்பையும், சாக்கடையும் சேர்ந்து அந்தக் கழியை மூடிக்கொண்டிருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பையன்கள் நண்டு வளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பூங்காவை அமைத்தவர்கள் வந்தவுடனே ரோஜாச் செடி நடவில்லை. முதலில் குப்பையை அகற்றினார்கள். பிறகு தூர்ந்துபோன நீர்நிலையை ஆழப்படுத்தி, கடல் நீர் ஏறி இறங்குவதற்கும் மழைத் தண்ணீர் தங்குவதற்கும் வழி செய்தார்கள். அதற்கப்புறந்தான் நட்டார்கள். நட்டவைகளும் சோழமண்டலக் கரையில் ஆதிகாலந்தொட்டு வளர்ந்துவரும் மரஞ்செடிகளே. இந்தக் கரைக்கென்று ஒரு காடு உண்டு. அது உயரமான காடு அல்ல. வருஷத்தில் பல மாதம் மழையில்லாமல் தாக்குப் பிடித்தும் இலை உதிர்க்காமல் பசுமையாகவே நிற்கும் குட்டையான காடு. கோயில் நிலங்களில் ஆங்காங்கே எஞ்சியிருக்கும் அந்தக் காட்டின் இனங்களைச் சேகரித்து வளர்க்கும் ஆரோவில் அன்பர்களின் யோசனைப்படியே அங்கே நடவு நடந்தது. முதலில் தண்ணீர், பிறகு மண், பிறகுதான் செடி என்ற வரிசையை அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பஸ் திரு.வி.க. பாலத்தின் மேல் ஏறியது. கீழே அடையாறு. அந்த ஆற்றைப் பற்றி என்ன சொல்வது? செம்பரம்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரைச் சுமந்துகொண்டு வரும் இந்தச் சிறிய ஆறு, சாதாரண நாளில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி கறுத்துக் கிடக்கும். அதே ஆறுதான் 2015 டிசம்பர் முதல் வாரத்தில் கரை புரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் மாடி வரைக்கும் ஏறிவிட்டது. நாலே வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. குடத்தை வைத்துக்கொண்டு நடு இரவில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். வெள்ளத்தில் முழுகுவதும் தாகத்தில் தவிப்பதும் இரண்டு வெவ்வேறு கஷ்டங்கள் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். பூகோளம் படித்தவனுக்கு இரண்டும் ஒன்றே. வருகிற மழை தங்குவதற்கு இடமில்லாவிட்டால் அன்றைக்கு வெள்ளம். தங்காமல் போய்விட்டபடியால் மறு கோடையில் வறட்சி.

* * *

பாலத்தைத் தாண்டியதும் இறங்கி, பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு சுற்று வழி போவதற்குக் காரணம் உண்டு. தீர்ப்புச் சொல்லப் போகிறவன் முதலில் மூத்தவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் அல்லவா? அடையாற்றில் அந்தத் தோட்டத்து ஆலமரத்தைவிட மூத்தவர் யார் இருக்கிறார்?

பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1882-ஆம் வருஷத்தில் இந்தத் தோட்டத்தில் குடியேறினார்கள். சபையின் நிலம் நாளடைவில் இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேல் விரிந்தது. சபையார் குடியேறும்போதே அந்த ஆலமரம் நூற்றாண்டுகளைக் கண்ட விருக்ஷம். அன்னி பெஸண்ட் அம்மையாரும், ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அதன் நிழலில் பேசியிருக்கிறார்கள். 1989-ல் அடித்த ஒரு புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இன்றைக்குப் போய்ப் பார்ப்பவர்களுக்குத் தாய்மரத்தின் இடம் வெறுமையாய்த் தெரியும். ஆனால் ஆலமரம் போகவில்லை! சுற்றிலும் இறங்கிய விழுதுகள் தனித்தனி மரங்களாய்த் தடித்து, கிளைகளைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

அங்கே ஒரு நாழிகை நின்றேன். காலடியில் சருகு மெத்தென்று இருந்தது. காலால் விலக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்த இலை. அதற்குக் கீழே பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே கறுப்பு மண், கையில் எடுத்தால் மழை வாசனை. அடையாற்று மண் இயற்கையில் வெறும் மணல். அந்த மணலின் மேல் இந்தக் கறுப்பு மண்ணை யாரும் வண்டியில் கொண்டுவந்து கொட்டவில்லை. மரங்கள் உதிர்த்தவற்றை உதிர்ந்த இடத்திலேயே இருக்க விட்டார்கள். மற்றக் காரியத்தைப் புழுக்களும் பூஞ்சைகளும் பார்த்துக்கொண்டன.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது இந்தத் தோட்டத்திலும் ஏராளமான மரங்கள் விழுந்தன. அடையாற்றுத் தெருக்களிலோ கேட்க வேண்டியதில்லை. மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும், அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த மற்ற மரங்களும் கூட்டங்கூட்டமாய்ச் சாய்ந்தன. கிளையெல்லாம் முறிந்தும், நின்ற இடத்தில் நின்று, மறு மாதமே துளிர்த்த வேம்பையும் புங்கத்தையும் பூவரசையும் நாமெல்லோரும் பார்த்தோம்.

ஒன்று போனால் மற்றொன்று தாங்க வேண்டும். விழுந்தது விழுந்த இடத்திலேயே உரமாக வேண்டும். இந்த இரண்டு புத்திமதிகளையும் முடிந்துகொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

* * *

அத்தையின் வீடு கடற்கரையை நோக்கிப் போகும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. ஒரு கிரவுண்டு மனை; அதாவது 2,400 சதுர அடி. அதில் பாதி வீடு. முன்னால் சிறிய வாசல். பின்னால் நாற்பதடி நீளமும் பதினைந்தடி அகலமும் உள்ள கொல்லை. அங்கே ஒரு தென்னை, ஒரு முருங்கை, துவைக்கிற கல், ஓர் உறைக் கிணறு. தெருவிலுள்ள மற்ற வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாய் இடிந்து நாலு மாடி 'பிளாட்'டுகளாக எழுந்துவிட்டபடியால், அந்தக் கொல்லை இப்போது நாலு சுவர்களுக்கு நடுவே ஒரு பச்சைக் கைக்குட்டை மாதிரி காட்சியளிக்கிறது.

அத்தான் என்னைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரே! கட்சிக்காரர் வக்கீலை வரவழைத்துவிட்டாரா?" என்று சிரித்தார். அவருடைய கட்சியையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பையனுக்கு உத்தியோகமாகி இரண்டாவது கார் வந்துவிட்டது. தெருவில் நிறுத்தினால் தினம் சண்டை. தென்னை மட்டை ஒரு தடவை கார் மேல் விழுந்தது. கொசு, சருகு, பெருக்குகிற வேலைக்காரி நின்றுபோனது ஆகிய இத்தனைக்கும் ஒரே மருந்து சிமெண்டு. "பக்கத்திலெல்லாம் எவ்வளவு சுத்தமாய் இருக்கிறது, பாருங்கள்!" என்றார்.

"சுத்தமாய்த்தான் இருந்தது. 2015-ல் ஆற்று வெள்ளம் இங்கே வரவில்லை. ஆனாலும் தெருவில் முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அது எந்த ஆற்றுத் தண்ணீர்? இந்தச் சுத்தமான வீடுகள் வெளியே தள்ளிய தண்ணீர்தானே?" என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "2019 சித்திரையில் ஒரு நாள் பருப்பு வேகவில்லை. இரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்து கல்லு மாதிரி இருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு! அம்பது வருஷம் குடித்த தண்ணீர். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டதுடா" என்றாள்.

கொல்லையில் கார் நிறுத்துவதா, கத்தரிக்காய் போடுவதா என்ற அற்ப விவகாரத்தைத் தீர்க்க வந்தவன் நான். அந்தப் பருப்புச் சமாசாரத்தைக் கேட்டதும் விஷயம் வேறு என்று தெரிந்துகொண்டேன்.

கடலோரத்தில் நிலத்தடியில் நடப்பது மிகவும் விசித்திரமானது. நல்ல தண்ணீர் இலேசு. கடல் நீர் கனம். ஆகையால் மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஐரோப்பியர் இதற்கு ஒரு கணக்கே கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு நாளடைவில் நாற்பது அடி ஏறும்! உறிஞ்சுவதற்கு மோட்டார் இருந்து, ஊறுவதற்கு மண் இல்லாமற்போனால், கடல் ஓசைப்படாமல் வீட்டுக்கடியில் வந்துவிடும். அத்தையின் பருப்பில் அன்று வந்தது அதுதான்.

"ஆகக்கூடி, ஒரு வீட்டுக் கொல்லை கடலைத் தடுத்துவிடுமாக்கும்!" என்றார் அத்தான்.

"ஒரு வீட்டால் ஆகாது. ஆனால் கணக்கைப் பார்க்கலாம்" என்று சொல்லிப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். அத்தை வீட்டு மொட்டை மாடி 1,200 சதுர அடி. அதன் மேல் ஒரு வருஷத்தில் விழும் தண்ணீர் ஒரு லட்சத்து ஐம்பதினாயிரம் லிட்டருக்கு மேல்! சிந்தியது, உலர்ந்தது என்று தாராளமாய்த் தள்ளினாலும், பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் பெரிய லாரியில் பத்து லாரி தண்ணீர். 2019-ல் ஒரு லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை அத்தானே சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷமே சட்டம் செய்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, 1990-களில், பெசன்ட் நகர்த் தெருக்களில் டாக்டர் சேகர் ராகவன் வீடு வீடாகப் போய் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். பௌதிகம் படித்த அவருடைய முயற்சியால் 2002-ல் மழைநீருக்கென்றே ஒரு விளக்க நிலையம் சென்னையில் திறக்கப்பட்டது. அத்தை வீட்டிலும் சட்டத்துக்குப் பயந்து ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அது மாடியிலிருந்து இறங்கி, அழகாக வளைந்து, நேரே தெருவுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் விட்டது!

* * *

மத்தியானச் சாப்பாடு ஆனதும் கொல்லையை அளந்து, காகிதத்தில் ஒரு படம் போட்டேன். மாடிக் குழாயைத் திருப்பி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றில் விடுவது. வீட்டுச் சுவருக்குப் பத்தடி தள்ளி, தாழ்வான மூலையில், ஓர் ஊறல் குழி. அதற்குச் சரளைக்கல் நிரப்பி மூடி. மேற்கே மாலை வெயில் சுவரைச் சுடுகிறது. அங்கே முருங்கையும் பப்பாளியும். கிழக்கே காலை வெயிலுக்குக் கத்தரி, வெண்டை, மிளகாய். தென்கிழக்கிலிருந்து பிற்பகலில் வருகிற கடற்காற்றுக்கு வழி விட்டுவிட வேண்டும். சுவரோரம் நொச்சியும் ஆடாதோடையும். தூரத்து மூலையில், ஒழுங்காக இருக்கும் பொருட்டு, கறிவேப்பிலை.

படத்தைப் பார்த்துக்கொண்டே வந்த அத்தை, கடைசி இடத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டாள்.

"கறிவேப்பிலையை அங்கே கொண்டுபோய் வைத்தால் யாருடா பறிப்பார்கள்? எண்ணெயில் கடுகு வெடிப்பதற்குள் ஓடிப்போய்ப் பறித்துக்கொண்டு வர வேண்டுமே! மழையில், இருட்டில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் ஓடுவேனா? சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில் வை. கொத்தமல்லி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் அங்கேதான். தினம் தண்ணீர் கேட்கிற கத்தரி அதற்கு அடுத்து. வாழை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். முருங்கையை நீ தினம் பார்க்க வேண்டாம், அது எங்கேயிருந்தாலும் காய்க்கும்" என்றாள்.

நான் அசந்து போனேன். ஆஸ்திரேலிய தேசத்தில் பில் மாலிஸன், டேவிட் ஹோம்கிரென் என்னும் இருவர் 1978-ல் ஒரு நூல் எழுதி, 'பெர்மாகல்ச்சர்' என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்தார்கள். நிலைத்த வேளாண்மை என்பது அதன் பொருள். அதன் முக்கியமான விதிகளில் ஒன்று நிலத்தை மண்டலங்களாகப் பிரிப்பது. தினம் பலமுறை கை படுவது வீட்டு வாசலருகே. எப்போதாவது போக வேண்டியது தூரத்தில். கடைசியில் கொஞ்சம் இடம் பறவைக்கும் பூச்சிக்கும். இதைப் படித்துப் பரீட்சை எழுதியவன்போல் நான் போட்ட படத்தை, அந்த நூலின் பெயரைக்கூடக் கேட்டறியாத அத்தை, ஒரு கடுகு வெடிக்கிற நேரத்தில் திருத்திவிட்டாள்!

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. நிலைத்த வேளாண்மை என்ற சொல்லை 1911-லேயே அமெரிக்க மண்ணியலாளர் கிங், சீனம், கொரியா, ஜப்பான் தேசத்துக் குடியானவர்களைப் பற்றிய தம் புத்தகத்துக்குத் தலைப்பில் வைத்தார். ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர் இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து, இலை தழையையும் சாணத்தையும் அடுக்கி எரு ஆக்கும் முறையை வகுத்து உலகெங்கும் பரப்பினார். தஞ்சாவூரில் பிறந்த நம்முடைய ஜே.சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபடி எழுதி 1945-ல் வெளியான நூலில், நிலைத்த பொருளாதாரம் எது, அழியும் பொருளாதாரம் எது என்று பிரித்துக் காட்டினார். பூமிக்குள் சேர்ந்துகிடப்பதை அள்ளிச் செலவழிப்பது ஒரு வாழ்வு. ஆண்டுதோறும் புதிதாய் வருவதைக் கொண்டு வாழ்வது மற்றொரு வாழ்வு. மோட்டார் போட்டு உறிஞ்சுவதற்கும் மொட்டை மாடி மழையைக் கிணற்றில் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதானே? ஜாவாத் தீவிலும், இலங்கையில் கண்டிப் பிரதேசத்திலும், கேரளத்திலும் வீட்டைச் சுற்றி மரத்தின் கீழ் மரமாய், செடியின் கீழ் கொடியாய் அடுக்கி வளர்க்கும் தோட்டங்களைப் பார்த்து இன்றைய ஆராய்ச்சியாளர்கள் வியக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் புழக்கடையும் அந்த வம்சந்தான். பாத்திரம் தேய்த்த தண்ணீர் வாழைக்கு. அடுப்புச் சாம்பல் அவரைக்கு. வாழை இலை சாப்பாட்டுக்கு. எச்சில் இலை மாட்டுக்கு. சாணம் திரும்பக் கொல்லைக்கு. அந்த வட்டத்தில் குப்பை என்ற ஒரு பொருளே கிடையாது.

வட்டம் எங்கே அறுந்தது என்றால், கொல்லைக்குச் சிமெண்டு போட்ட இடத்தில்தான். அன்றிலிருந்து தண்ணீர் தெருவுக்குப் போயிற்று. சருகும் காய்கறித் தோலும் குப்பைத் தொட்டிக்குப் போயின. தென்சென்னையின் குப்பை பல ஆண்டுகள் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே மலைபோல் கொட்டப்பட்டது. மழை தங்க வேண்டிய மற்றோர் இடமும் அப்படியாக அடைபட்டது.

* * *

இனிமேல் தீர்ப்பு. அத்தானின் கார் நியாயமான கார். அதற்கு இடம் வேண்டும். ஆனால் காருக்கு நாலு சக்கரந்தான் உண்டு. சக்கரம் ஓடுகிற இரண்டு தடங்களுக்கு மட்டும் கல் பாவினால் போதும். நடுவிலும் பக்கத்திலும் மண்ணும் புல்லும் இருக்கட்டும். காரை வாசற்பக்கத்தில் ஒன்று, கொல்லைக்குப் போகிற சந்தில் ஒன்றாக நிறுத்தலாம். கொசுவைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருந்தது. கொசு தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. அடையாற்று மணலிலோ விட்ட தண்ணீர் நின்று பார்ப்பதற்குள் உள்ளே போய்விடுகிறது. சிமெண்டுத் தரையின் பள்ளத்திலும், மாடியில் கிடக்கும் பழைய டயரிலுந்தான் அது குடித்தனம் நடத்துகிறது.

"சிமெண்டுக்கு ஆகிற செலவில் பாதி ஆகாது போலிருக்கிறதே!" என்றார் அத்தான். அவர் பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம் நான் வாதாட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆடி முடிவதற்குள் வேலை நடந்தது. மணல் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும், ஆனால் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆகையால் மக்கிய எருவும் தென்னை நார்க் கழிவும் கலந்தோம். செடியின் அடியில் வெறும் மண் தெரியாதபடி சருகைப் பரப்பினோம். வெயில் மண்ணைச் சுடாது, ஈரம் பறக்காது, களையும் குறையும். முன்பு தெருக் குப்பைத் தொட்டிக்குப் போன சருகு போதாமல், பக்கத்துப் 'பிளாட்'டுக் காவற்காரரிடம் கேட்டு அத்தான் இரண்டு சாக்குச் சருகு வாங்கிக்கொண்டு வந்தார்! பந்தலில் அவரையும் பாகலும். அதன் நிழலில் கீரை. துவைக்கிற கல்லின் தண்ணீர் சரளைக்கல் போட்ட வாய்க்கால் வழியாய்க் கல்வாழைக்கும், அங்கிருந்து வாழைக்கும். ஒரே செடியை வரிசையாய் வைக்காமல், கத்தரிக்கு நடுவே செண்டுமல்லியும் வெங்காயமும் கலந்து வைத்தோம். ஒன்றுக்குப் பூச்சி வந்தால் எல்லாம் போய்விடக் கூடாதே! ஆலமரத்தின் விழுதுகளை அப்போது நினைத்துக்கொண்டேன்.

தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். எருக்குழியில் காய்கறித் தோலை மட்டும் கொட்டி, காய்ந்த சருகை மாற்றி மாற்றி அடுக்க மறந்தபடியால், ஒரு வாரத்தில் வீடே மூக்கைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பங்கு சருகு, ஒரு பங்கு தோல் என்று அடுக்கிக் கிளறிய பிறகு வாடை நின்றது. தென்னையின் வேரருகே போட்ட தக்காளி ஒன்றுகூடத் தேறவில்லை. முதல் காற்றிலேயே ஒரு வாழை சாய்ந்தது. தண்டைப் பொரியலாகச் சாப்பிட்டோம்.

இந்தத் தோட்டத்தினால் அத்தை வீட்டில் அரிசி வாங்குவது நின்றுவிட்டது என்று யாராவது எண்ணினால், அது வாத்தியாரின் குற்றமல்ல. அறுநூறு சதுர அடியில் கீரையும், கறிவேப்பிலையும், முருங்கைக்காயும், வாரம் இரண்டு நாள் கறிக்குக் காயுமே கிடைக்கும். ஒரு கொல்லையினால் சென்னைக்கு வெள்ளமும் நிற்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையைப் போல் வந்தால், எந்த ஊறல் குழியும் திணறத்தான் செய்யும். மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கொல்லையே இல்லை. அவர்கள் பால்கனியில் நாலு தொட்டியும், எல்லோரும் சேர்ந்து மொட்டை மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்புவதும் செய்யலாம். ஆனால் ஒன்று நிச்சயம். நிலத்தடித் தண்ணீருக்கு மதிற்சுவர் கிடையாது. அத்தை விடுகிற மழை அடுத்த வீட்டுக்காரர் கிணற்றிலும் ஊறும். அடுத்த வீட்டுக்காரர் விடாத மழை அத்தை கிணற்றிலும் குறையும். ஆகையால் என் மனை, என் சிமெண்டு என்று சொல்வதற்கு யாருக்கும் முழுப் பாத்தியதை இல்லை.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் விடியற்காலை டெலிபோன் மணி அடித்தது. அத்தை பேசுவாள் என்று எடுத்தேன். பேசியவர் அத்தான்.

"வாத்தியாரே, ராத்திரி பூரா குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூக்கமே வரவில்லை. இப்போதுதான் டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். கிணற்றில் இரண்டு உறை ஏறியிருக்கிறது!" என்றார்.

"தெருவில் தண்ணீர் நிற்கிறதா?" என்று கேட்டேன்.

"நிற்கிறது. ஆனால் அது நம் வீட்டுத் தண்ணீர் இல்லை" என்றார் அத்தான். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பின்னால் சமையலறையில் அத்தை எதற்கோ தாளித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயில் கடுகு வெடித்தது. அது ஓய்வதற்குள்ளாகவே ஈரக் கறிவேப்பிலை விழுந்து சடசடவென்று பொரிந்த சத்தமும் டெலிபோனில் நன்றாகக் கேட்டது.